கண்ணு எண்ணுகிறவள்

பிப்ரவரி 3, திங்கள் — 4
பிப்ரவரி 4, செவ்வாய் — 2
பிப்ரவரி 5, புதன் — 7
பிப்ரவரி 6, வியாழன் — 0 (தொண்டைக்கட்டு)
பிப்ரவரி 7, வெள்ளி — 5
பிப்ரவரி 8, சனி — 11 (விடுமுறை)
பிப்ரவரி 9, ஞாயிறு — 13 (விடுமுறை)
ஆக மொத்தம் — 42

கடைசி எண்ணின் கீழ் இரட்டைக் கோடு போட்டு, நோட்டை மூடித் தலையணை உறைக்குள் செருகுகிறாள். ஞாயிறு மாலை ஆறேகால். அடுத்த அறையிலிருந்து அம்மாவின் குரல் வருகிறது: "டீ ஆறிப்போகுது, வா கண்ணு." கூப்பிட்டது இவளை இல்லை. நோட்டை மறுபடி உருவி, பதின்மூன்றை அடித்துப் பதினான்கு ஆக்குகிறாள். மொத்தத்தையும் நாற்பத்து மூன்றாகத் திருத்தி, திருத்திய இடத்தில் சின்னதாகக் கையெழுத்துப் போடுகிறாள். அடித்தல் திருத்தல் இருந்தால் கையெழுத்து வேண்டும் என்பது கல்லூரியில் கற்றுக்கொடுத்தது.

அந்த வாரம் அந்த வீட்டில் 'கண்ணு' என்ற சொல் நாற்பத்து மூன்று முறை ஒலித்தது. நாற்பத்து மூன்றும் ஒரே பெண்ணுக்கு. பெற்ற மகளுக்குக் கிடைத்தவை வேறு. 'ஏய்' முப்பத்தொன்று, 'இந்தா' பத்தொன்பது, 'அடியே' ஆறு, 'உன்னைத்தான்' நான்கு. அவற்றையும் எதிர்ப் பக்கத்தில் எழுதித்தான் வைத்திருக்கிறாள்.

அவளுக்கு வயது இருபது. நில அளவைப் பட்டயப்படிப்பில் இரண்டாம் ஆண்டு. இடுப்பில் சாவிக்கொத்து மாதிரி ஐந்து மீட்டர் அளவுநாடா ஒன்று எப்போதும் தொங்கும். அதனால் தெருவில் அவள் பெயர் டேப்பு. பெயர் வைத்தவர் கீழ்த்தளத்தில் ஜெராக்ஸ் கடை நடத்துகிறவர். "என்ன டேப்பு, மூஞ்சி இன்னிக்கு ரெண்டு இஞ்ச் நீண்டிருக்கு?" என்பார். "உங்க மிஷினையே பாத்துட்டு இருந்தா எல்லாம் நீளமாத்தான் தெரியும்ணே" என்று இவளும் விடமாட்டாள்.

வீடு மூன்றாம் மாடி. படிகள் ஐம்பத்து நான்கு. வீட்டுச் சொந்தக்காரர் ஐம்பத்து மூன்று என்பார். வாசற்படியை அவர் சேர்ப்பதில்லை. அப்பா பேருந்துப் பணிமனையில் நேரக் காப்பாளர். அம்மா பொது நீச்சல் குளத்தில் சீட்டுக் கொடுக்கிறவள். ஊர் முழுக்க விடுமுறை என்றால் குளத்தில் கூட்டம் அலைமோதும். ஆகவே மற்றவர்களுக்கு விடுமுறை வரும்போதெல்லாம் அம்மாவுக்குக் கூடுதல் வேலை. குளத்தை வடித்துத் தரையைத் தேய்த்துக் கழுவுகிற ஒரு நாள் மட்டும் சீட்டு ஜன்னல் மூடியிருக்கும். அது எப்போதும் ஜூன் மாதத்தில் வரும்.

பொறாமைப்படுவது அவளுக்குப் புதிதில்லை. வியாழக்கிழமையே விடுமுறை தொடங்கிவிடுகிற வேறு துறை மாணவர்கள் மேல் பொறாமை. கீழ்வீட்டு ஆசிரியையின் பூனை மேல் பொறாமை. அதற்குத் தேர்வு இல்லை. டிசம்பரில் பதினாறு நாள் விடுமுறை என்று எல்லோரும் துள்ளியபோது, இவள் நாட்காட்டியைப் பார்த்து, அதில் சனி மூன்று, ஞாயிறு மூன்று, அவை எப்படியும் நம்முடையவை, கல்லூரி கொடுப்பது பத்துதான் என்று சொல்லி நான்கு பேரின் சந்தோஷத்தைக் கெடுத்தாள். ஆனால் இதெல்லாம் போகிற போக்கில் வந்துபோகும் பொறாமைகள். கண்ணு வேறு.

அந்தப் பெண் வந்தது சென்ற ஆகஸ்ட் பதினெட்டு. கல்லூரி விடுதியின் கிழக்குச் சுவர் வெடித்து, அறைகளுக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. அறுபத்தொரு மாணவிகளைப் பக்கத்துத் தெருக்களில் உள்ள குடும்பங்கள் சில மாதங்கள் வைத்துக்கொள்ள முடியுமா என்று கல்லூரி கேட்டது. அம்மா ஒரு நொடிகூட யோசிக்காமல் சரி என்றாள். வேதியியல் படிக்கும் பெண் ஒருத்தி ஒரு பெட்டியோடும் சொந்தத் தலையணையோடும் வந்து நின்றாள். "தலையணையோட வந்திருக்கா பாரு. சீக்கிரம் கெளம்புற ஆள் இல்ல இது" என்று டேப்பு அப்பாவின் காதில் சொன்னாள். அன்றிலிருந்து இவள் வாயில் அந்தப் பெண்ணுக்கு 'விருந்தாளி' என்றே பெயர்.

இருவருக்கும் ஒரே அறை. பதினோரு அடி நீளம், ஒன்பது அடி அகலம். விருந்தாளி வந்த மறுநாளே டேப்பு அளந்துவிட்டாள். அறையை நேர் பாதியாகப் பிரித்தால் ஆளுக்கு நாற்பத்தொன்பதரைச் சதுர அடி வர வேண்டும். ஆனால் அலமாரி இவளுடைய பாதியில் நிற்கிறது. அதைக் கழித்தால் இவளுக்கு நாற்பது சொச்சம்தான்.

"அலமாரியில யாரு துணி இருக்கு?" என்று அப்பா கேட்டார்.

"என் துணிதான். அதுக்காக?"

"அப்ப மேல்முறையீடு தள்ளுபடி."

விருந்தாளியிடம் கெட்ட குணம் என்று சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் டேப்புக்குப் பெரிய தொந்தரவு. வாயைத் திறந்துகொண்டு தூங்குவாள். குளித்த ஈரத் துண்டைக் கண்ட இடத்தில் போடுவாள். சோப்பைத் தண்ணீரில் ஊறவிடுவாள். மற்றபடி, யார் எதைச் சொன்னாலும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு முழுவதும் கேட்பாள். எட்டு மணி நேரம் கண்ணாடியின் ஓட்டை வழியாகப் பேசிவிட்டு வீட்டுக்கு வந்ததும் வாயை மூடிக்கொள்கிற அம்மாகூட, அவள் எதிரில் உட்கார்ந்தால் நான்கு வார்த்தை பேசினாள். நடுவில் இரண்டு கண்ணு வரும்.

முதல் வாரத்தில் டேப்பு ஒரு கேள்வி கேட்டாள்: "லீவுக்கு உங்க வீட்டுக்குப் போகமாட்டியா?"

"போனா படுக்க எடம் இருக்காது. நான் காலேஜுக்குப் படிக்க வந்த அடுத்த நாளே என் கட்டிலைத் தூக்கிட்டு அந்த எடத்துல தையல் மிஷின் போட்டுட்டாங்க. அக்கா தச்சுக் குடுக்கிறா. நல்ல வெளிச்சம் வர்ற மூலை அது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அடுப்படியில் இருந்த அம்மா ஒரு பெருமூச்சு விட்டாள். மூன்றாம் மாடியிலிருந்து தெருவுக்குக் கேட்கும் அளவுக்குப் பெருமூச்சு. டேப்பு அதையும் மனதில் குறித்துக்கொண்டாள். அன்று முழுக்க அவளுக்கு ஒரே நினைப்பு: தன் வீட்டில் இப்படியொரு தையல் மிஷின் இல்லையே, தன் கட்டிலை யாரும் தூக்கவில்லையே. அந்தப் பெண்ணின் கஷ்டத்தைப் பார்த்தும் பொறாமைப்பட முடிந்ததை எண்ணி அவளுக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. அதற்காகப் பொறாமை குறைந்துவிடவில்லை.

டிசம்பர் விடுமுறையில் விருந்தாளி ஐந்து நாள் ஊருக்குப் போனாள். இருபத்தாறு முதல் முப்பது வரை. டேப்பு அந்த ஐந்து நாட்களுக்காக நவம்பர் முழுவதும் காத்திருந்தாள். அறை முழுவதும் தனக்கே. அம்மாவும் தனக்கே. ஆனால் நடந்தது வேறு.

இருபத்தாறாம் தேதி சாப்பிடும்போது அம்மா, "அந்தப் புள்ள போய்ச் சேந்திருக்குமா?" என்றாள். இருபத்தேழாம் தேதி முட்டை பொரிக்கும்போது, "ஓரம் முறுகினா அதுக்கு உசிரு." இருபத்தெட்டாம் தேதி மழை பெய்தது. "குடை எடுத்துட்டுப் போச்சா?" இருபத்தொன்பதாம் தேதி விருந்தாளி விட்டுப்போன தலையணையை எடுத்து மாடியில் வெயிலில் போட்டாள், மதியம் ஒருமுறை திருப்பியும் போட்டாள்.

"என் தலையணை இருபது வருஷமா வெயிலைப் பாத்ததில்ல" என்றாள் டேப்பு.

"உன் தலையணைக்குள்ள என்னென்னமோ வச்சிருக்கே. கை வச்சா கத்துவே" என்றாள் அம்மா.

முப்பதாம் தேதி இரவுச் சாப்பாட்டுக்கு விருந்தாளி திரும்பி வந்ததும் அந்தப் பேச்சு நின்றது. வீட்டில் இருக்கும்போது அவள் ஒரு ஆள். போய்விட்டால் மூன்று ஆள். டேப்பு இதை நன்றாகத் தெரிந்துகொண்டாள்.

ஜனவரி நான்காம் தேதி இன்னொன்று. அப்பாவுக்குப் பணிமனையில் இருபத்தைந்து வருடச் சேவைக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். வீட்டு வாசலில் படம் எடுக்க வேண்டும். அப்பா சான்றிதழோடு நடுவில், ஒரு பக்கம் அம்மா, இன்னொரு பக்கம் விருந்தாளி. "யாராவது ஒருத்தர் எடுக்கணும்ல?" என்றார் அப்பா. யாராவது ஒருத்தர் என்றால் அந்த வீட்டில் யார் என்பது சொல்லாமலே தெரியும். படம் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. வலது கீழ் மூலையில் மங்கலாக ஏதோ தெரியும். அது டேப்பின் கட்டைவிரல். வந்தவர்கள் விருந்தாளியைக் காட்டி, "இதுதான் உங்க பொண்ணா?" என்று கேட்டது இதுவரை மூன்று முறை.

பிப்ரவரி முதல் நாளிலிருந்து எண்ணத் தொடங்கியது இதன் பிறகுதான்.

மார்ச் மாதம் ஒன்பது நாள் இடை விடுமுறை. பதினெட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, அம்மா மூக்குக்கண்ணாடியை மேசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். கொண்டுபோய்க் கொடுக்க டேப்பு கிளம்பினாள். குளத்து வாசலில் வரிசை சாலை வரை வந்திருந்தது. பின்பக்கக் கதவு இருப்பது அவளுக்குத் தெரியும். இருந்தாலும் வரிசையில் நின்றாள். அம்மாவை வேலையில் பார்த்து ரொம்ப வருடமாகிவிட்டது.

ஜன்னலை நெருங்க நெருங்கக் குரல் கேட்டது.

"ஒண்ணா ரெண்டா கண்ணு?"

"சில்லறையா குடு கண்ணு."

"தொப்பி இல்லாம உள்ள விடமாட்டாங்க கண்ணு. அந்தப் பக்கம் வாடகைக்குக் குடுக்கறாங்க பாரு."

வழுக்கைத் தலையும் பெரிய மீசையுமாக ஒரு ஆள். அவரிடமும், "பெரியவங்க சீட்டு தனி கண்ணு." அவர் பாட்டுக்கு வாங்கிக்கொண்டு போனார். டேப்பு தன்னையறியாமல் விரல் மடக்கத் தொடங்கினாள். இருபத்தைந்து நிமிடத்தில் அறுபத்து நான்கு. வீட்டில் ஒரு வாரம் முழுக்க விருந்தாளிக்குக் கிடைக்கும் மொத்தத்தைவிட அதிகம். அதுவும் முகம் தெரியாதவர்களுக்கு. பெயர் கேட்க நேரமில்லாதவர்களுக்கு.

அவள் முறை வந்தது. அம்மா தலை நிமிராமல், "ஒண்ணா ரெண்டா…" என்று ஆரம்பித்து, நிமிர்ந்தாள்.

"ஏய்! வெயில்ல எதுக்குடி நிக்கறே? பின்பக்கம் வழி இருக்குன்னு தெரியாது? மூளையை வீட்லயே கழட்டி வச்சிட்டு வந்தியா?"

வரிசையே சிரித்தது. டேப்பு கண்ணாடியை ஓட்டை வழியாக உள்ளே தள்ளிவிட்டு நடந்தாள். குளத்திலிருந்து வீடு ஆயிரத்து இருநூறு மீட்டர். வழி முழுக்கக் கால் தரையில் பாவவில்லை. ஜெராக்ஸ் கடைக்காரர், "என்ன டேப்பு, லாட்டரியா?" என்றார். "திட்டு வாங்கிட்டு வரேன்ணே" என்றாள். "யாரு திட்டினது?" "எங்கம்மா." "அது தினமும் நடக்கிறதுதானே?" அவருக்கு எங்கே புரியப்போகிறது.

நான்கு நாள் அவள் யார் மேலும் பொறாமைப்படவில்லை. கண்ணு என்ற சொல் கேட்கும்போதெல்லாம் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள். பாவம், சீட்டு வாங்க வந்தவள் என்று விருந்தாளிக்குச் சோப்பைக்கூட விட்டுக்கொடுத்தாள்.

ஐந்தாம் நாள், மார்ச் இருபத்திரண்டு, சனிக்கிழமை. காலை ஏழு இருபது. இவள் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது அறைக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வெடித்தது.

"ஏய்! ஈரத் துண்டைக் கட்டில்ல போடாதேன்னு எத்தனை தடவைடி சொல்றது? மெத்தை ஊறிப் பூசணம் பூத்தா நீயா தொடைக்கப் போறே?"

டேப்பு தன்னைத்தான் என்று நினைத்து வாயில் நுரையோடு ஓடினாள். இல்லை. விருந்தாளி துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். திட்டு வாங்கிய முகமா அது? பரிசு வாங்கிய முகம். "ஐயோ, மறந்துட்டேம்மா" என்றாள். அதுவரை 'ஆன்ட்டி' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

டேப்பு திரும்பிப் போய் வாய் கொப்பளித்தாள். நுரை போன பிறகும் நெடுநேரம் கொப்பளித்துக்கொண்டே இருந்தாள்.

அன்று மாலை நோட்டில் புதுப் பக்கம். 'ஏய்' என்று தலைப்பு, நடுவில் கோடு, இரண்டு பத்திகள். முதல் நாள் இவளுக்கு ஆறு, விருந்தாளிக்கு ஒன்று. ஏப்ரல் கடைசியில் ஒரு வாரத்துக்கு இவளுக்கு இருபத்து நான்கு, விருந்தாளிக்கு ஒன்பது. மே மூன்றாவது வாரம் பதினெட்டு, பதினைந்து. கண்ணு பக்கத்தில் பிறகு ஒன்றும் ஏறவில்லை.

இப்போது டேப்பின் நம்பிக்கை முழுவதும் தபால்பெட்டியில் இருந்தது.

விடுதிக் காப்பாளர் மூன்று கடிதம் எழுதியிருந்தார். ஆகஸ்டில் வந்தது, விடுதி அக்டோபரில் தயாராகிவிடும் என்றது. அக்டோபர் இருபத்தொன்றில் வந்தது, ஜனவரி என்றது. ஜனவரி ஒன்பதில் வந்தது, அடுத்த கல்வியாண்டு தொடங்குமுன் என்றது. நான்காவதாக, கடைசியாக, ஒன்று வர வேண்டும். அது ஜூன் பதினாறுக்கு முன்னால் வந்தாக வேண்டும். அந்த வருடம் குளம் கழுவும் நாள் ஜூன் பதினாறு, திங்கட்கிழமை.

அந்த நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அன்று அம்மாவும் அவளும் மட்டும் பதினான்காம் எண் பேருந்தில் கடைசி நிறுத்தம்வரை போவார்கள். அங்கே பார்க்க ஒன்றுமில்லை. ஒரு பெஞ்சு, ஒரு குழாய், ஆற்றுக்கு இறங்கும் பதினொரு படிகள். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு மதியம்வரை ஒன்றும் பேசமாட்டாள். பிறகு, மூன்று மணி வாக்கில், தானாக ஆரம்பிப்பாள். தான் படித்த காலம், தோழிகள், தேர்வில் வேறொருத்தியின் எண்ணை எழுதிவிட்டு வந்தது, தொலைபேசி நிலையப் பயிற்சிக்கு இடம் கிடைத்தும் ரயிலைத் தவறவிட்டது. வருடத்தில் அம்மா தன்னைப் பற்றிப் பேசுவது அந்த இரண்டு மணி நேரம்தான். அப்பாவுக்குக்கூட அதில் இடமில்லை. அவருக்கு அன்று பணி.

மே மாதக் கடைசியில் அம்மா சாதாரணமாகச் சொன்னாள்: "பதினாறாம் தேதி அவளையும் கூட்டிட்டுப் போலாம். வீட்ல தனியா உக்காந்து என்ன பண்ணப்போறா?"



ஜூன் பிறந்ததும் தினமும் பகல் பதினொன்றரைக்கே கீழே இறங்கித் தபால்பெட்டி முன் நிற்கத் தொடங்கினாள். "யாரு, மாப்பிள்ளை லெட்டரா?" என்று ஜெராக்ஸ் கடைக்காரர் கேட்டார். "ஒரு ஆளை வழியனுப்பணும்ணே" என்றாள். ஒன்று, இரண்டு என்று நாட்கள் போயின. தபால்காரர் மின்சாரக் கட்டண அறிவிப்பும் கடை விளம்பரங்களுமாகப் போட்டுவிட்டுப் போனார். பன்னிரண்டாம் தேதிவரை ஒன்றுமில்லை.

பிறகு வந்தது. கல்லூரி முத்திரை போட்ட நீள உறை. படியில் நின்றபடியே பிரித்தாள். விடுதி தயார். இக்கடிதம் கிடைத்த நாளிலிருந்து இரண்டு நாட்களுக்குள் மாணவி அறைக்கு வந்து சேர வேண்டும். கடிதம் கிடைத்த தேதியைக் கீழே உள்ள கட்டத்தில் குறித்து, வீட்டார் கையெழுத்திட்டு, மாணவியிடமே கொடுத்தனுப்பவும். டேப்பு இரண்டு தடவை விரல் மடக்கிப் பார்த்தாள். இன்று வந்தால், ஞாயிறுக்குள் போயாக வேண்டும். திங்கட்கிழமை தனக்கே தனக்கு.

மாலைவரை பொறுக்கவில்லை. ஆயிரத்து இருநூறு மீட்டரையும் ஓட்டமும் நடையுமாகக் கடந்து குளத்துக்குப் போனாள். இந்தத் தடவை பின்பக்கமாகவே போனாள். சாப்பாட்டு இடைவேளை. அம்மா பின்னறையில், யாரோ விட்டுப்போன துண்டுகளும் ஒற்றைச் செருப்புகளும் அடுக்கிய அலமாரிக்கு எதிரில், டப்பாவைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"ஏய், என்னடி மூச்சு வாங்குது? உக்காரு. இந்தா, பாதி நீ சாப்பிடு."

டேப்பு பைக்குள் கையை விட்டாள். உறை கையில் பட்டது. அதற்குள் அம்மா பேச ஆரம்பித்துவிட்டாள்.

"நல்லவேளை வந்தே. திங்கக்கிழமை பத்தி ஒன்கிட்ட கேக்கணும்னு நெனச்சேன். எனக்கு இப்பல்லாம் முன்னுக்குப் பின் மாறிப்போகுது. அந்த ரயில் கதை இருக்கே, அதுல டிக்கெட் வாங்கினது மொதலா, அழுதது மொதலா?"

"டிக்கெட் வாங்கினது. அப்புறம் குடை. அப்புறம் ரயில் போனது. அப்புறம்தான் அழுதது" என்றாள் டேப்பு.

"அதானே. நீதான் கரெக்டா வச்சிருக்கே. அவ மொதத் தடவை கேக்கப்போறா. நான் எங்கயாவது விட்டுட்டேன்னா நீ எடுத்துக் குடு, என்ன? உன்ன விட்டா வேற யாருக்குத் தெரியும்?"

டேப்பு மென்றுகொண்டிருந்ததை விழுங்கினாள்.

"எதுக்குடி வந்தே?"

"சும்மாதான்."

"சும்மாவா? இந்த வெயில்லயா?"

"லீவுதானே. சும்மா."

கடிதத்தோடு திரும்பி நடந்தாள். ஓடவில்லை. நடக்க நடக்க அந்தத் திங்கட்கிழமை அவள் கண் முன்னால் வந்தது. விருந்தாளி போய்விட்டிருப்பாள். பெஞ்சில் அம்மாவும் இவளும். மூன்று மணி ஆகும். அம்மா வாயைத் திறப்பாள். "அந்தப் புள்ள ரூம்ல கட்டில் சரியா இருக்குமா? சாப்பாடு எப்பிடியோ?" டிசம்பரின் ஐந்து நாளும் ஒரே நாளில் வந்து உட்காரும். இருக்கிற விருந்தாளியோடு மல்லுக்கட்டலாம். மூன்று ஆளாகிப்போன விருந்தாளியோடு யாரால் முடியும்? தவிர, இவள் எடுத்துக் கொடுப்பதைப் பார்க்க அங்கே ஓர் ஆள் வேண்டும். விட்ட இடம் எதுவென்று இவளுக்குத்தான் தெரியும் என்பது அந்தப் பெண்ணுக்கும் தெரிய வேண்டும். அது தெரியாமல் அவள் விடுதிக்குப் போவதை டேப்பு விரும்பவில்லை.

உறையை அளவைப் பாடப் புத்தகத்துக்குள், முன்னூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் வைத்தாள். வேதியியல் படிக்கிறவள் அதைத் திறக்கமாட்டாள்.

திங்கட்கிழமை மூன்று பேரும் போனார்கள். ஜன்னல் ஓரம் விருந்தாளிக்கு. டேப்பு அதைக் கவனித்தாள். மூன்று மணி பத்து நிமிடத்துக்கு அம்மா ஆரம்பித்தாள். விருந்தாளி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

"அஞ்சு இருபதுக்கு ரயில். நான் நாலு மணிக்கே வீட்டைவிட்டுக் கெளம்பிட்டேன். டிக்கெட் வாங்கியாச்சு. நல்ல மழை. அப்ப பாத்து…"

"குடை" என்றாள் டேப்பு.

"ஆமா, குடை. குடையை டிக்கெட் கவுண்டர்லயே வச்சிட்டு…"

"இல்லம்மா. டீக்கடையில."

"டீக்கடையில. பாத்தியா, இவ இல்லன்னா என் கதையே எனக்குத் தெரியாது" என்று அம்மா விருந்தாளியிடம் சொன்னாள். டேப்பு ஆற்றைப் பார்த்துக்கொண்டாள். காதுவரை சிவந்துவிட்டது. "டீக்கடைக்கு ஓடி, குடையை எடுத்துட்டுத் திரும்பி வரேன், ரயில் வாலைக் காட்டிட்டுப் போகுது. அங்கேயே உக்காந்து அழுதேன். அப்புறம் ஒரு மாசத்துக்குன்னு இந்தக் குளத்து வேலைக்கு வந்தேன். இருபத்து மூணு வருஷமாச்சு."

இந்த இடத்தில் கதை முடியும். எப்போதும் முடியும். டேப்பு எழுந்து குழாய்க்குப் போகத் தயாரானாள்.

"ஒரு குடைக்காகவா ஓடினீங்க? அது யாரோட குடைம்மா?" என்றாள் விருந்தாளி.

அம்மா சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இருபது வருடத்தில் டேப்பு அந்தச் சிரிப்பைக் கேட்டதில்லை. "வேற யாருது? இவங்க அப்பாவோடது. மழையில நிக்கிறேன்னு குடுத்தாரு. அப்ப பேரு கூடத் தெரியாது. திருப்பிக் குடுக்கணுமே."

டேப்பு உட்கார்ந்துவிட்டாள். எத்தனை தடவை கேட்ட கதை. யாருடைய குடை என்று ஒரு தடவையாவது கேட்டிருக்கலாமே. பொறாமை பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அதே நேரம், அடுத்து என்ன நடந்தது என்று தெரியாமல் இருக்கவும் முடியவில்லை. இரண்டு பெண்களும் ஒரே குரலில், "அப்புறம்?" என்றார்கள்.

ராத்திரி அப்பாவிடம் கேட்டபோது, "அந்தக் குடையா? அது இன்னும் என் கைக்கு வரல" என்றார். சிரித்துச் சிரித்து விருந்தாளிக்குப் புரையேறிவிட்டது. அம்மா அவள் தலையில் தட்டினாள்.

மறுநாள் காலை ஆறரைக்கே டேப்பு உறையை எடுத்துவிட்டாள். தபால் வரும் நேரம்வரை பொறுத்திருக்க வேண்டியிருந்தது. பதினொன்று நாற்பதுக்குக் கீழே இறங்கி, தபால்காரர் போனதும் மேலே ஏறி வந்து, பிரித்த உறையைச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள்.

மாலை ஆறரைக்கு அம்மா வந்தாள். மேசையைச் சுற்றி மூவர். டீ. அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தாள். ஒருமுறை படித்து முடித்து, முதலிலிருந்து மறுபடி படித்தாள்.

"ரெண்டு நாள்ல சேரணுமாம்."

விருந்தாளி மேசை விளிம்பை நகத்தால் சுரண்டினாள். "வியாழக்கிழமைக்குள்ள" என்றாள்.

"சரி. போய்த்தானே ஆகணும்" என்று அம்மா உறையைத் திருப்பிப் பார்த்தாள். கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள். "பதினொண்ணாம் தேதி முத்திரை குத்தியிருக்கான். இங்கேருந்து காலேஜுக்கு நடந்தா இருபது நிமிஷம். ஒரு லெட்டர் வர்றதுக்கு ஆறு நாளா?"

டேப்பு டீயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விருந்தாளி டேப்பைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அம்மாவின் கையிலிருந்து உறையை மெதுவாக வாங்கி மேசையில் வைத்து, "தபால்தானேம்மா, ஆற அமரத்தான் வரும்" என்று சொல்லி, தன் ஈர டீ டம்ளரை முத்திரையின் மேல் வைத்தாள். மை ஊதா வட்டமாகப் பரவியது.

"இந்தா, நீ எழுதுடி. உன் கையெழுத்துதான் புரியும்" என்று அம்மா கடிதத்தை டேப்பிடம் தள்ளினாள்.

டேப்பு பேனாவை எடுத்தாள். 'கடிதம் கிடைத்த தேதி' என்ற கட்டத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல், 'ஜூன் 17' என்று எழுதினாள். மை காய வாயால் ஊதினாள்.

கடிதம் வந்த தேதி ஜூன் 13, வெள்ளிக்கிழமை.